ரீஃப் டேங்க்கில் ஊரும் பொடி உயிர்கள்: எது என்ன, எதை விட்டுவிடலாம், எதை விடக்கூடாது

கேள்வி இதுதான்: 200 லிட்டர் ரீஃப் டேங்க், அதாவது பவளம் வளர்க்கும் கடல்நீர்த் தொட்டி, ஓடத் தொடங்கி மூன்று மாதம். கண்ணாடியில் பொடிப்பொடியாக வெள்ளைப் புள்ளிகள் ஊர்கின்றன. பாறையிலும், சம்ப் எனப்படும் வடிகட்டும் துணைத்தொட்டியின் சுவரிலும் வெள்ளைச் சுருள்கள் ஒட்டியிருக்கின்றன. நகத்தளவுகூட இல்லாத நட்சத்திரங்கள் திரிகின்றன. இரவில் டார்ச் அடித்தால் முள்முள்ளாகப் புழு ஒன்று சட்டென்று பாறை இடுக்குக்குள் இழுத்துக்கொள்கிறது. இவற்றில் எது ஆபத்து? எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரு மருந்து ஊற்றிவிடலாமா?

மருந்து ஊற்றாதீர்கள். நீங்கள் சொன்ன நான்குமே பெரும்பாலும் டேங்க்குக்கு உழைப்பவைதான். மூன்றாவது மாதத்தில் இவை பெருகுவதற்குக் காரணமும் எளிது. கண்ணாடியிலும் பாறையிலும் டயாட்டம் என்னும் பழுப்பு நுண்பாசியின் படலம் படிந்திருக்கும், அது அவற்றுக்குத் தீனி. தின்னும் மீன்கள் இன்னும் அதிகம் வந்திருக்காது. ஒட்டுமொத்தமாகக் கொல்லும் மருந்தை ஊற்றினால் பாறைக்குள் இருக்கும் ஆயிரக்கணக்கான உடல்கள் ஒரே நாளில் அழுகும், அம்மோனியா ஏறும், அடுத்து அடிவாங்குவது பவளமும் மீனும்தான். எனவே முதல் வேலை அடையாளம் காண்பது. பெயர் தெரியாத ஒன்றுக்கு மருந்து கிடையாது.

நிறத்தை நம்பாதீர்கள். நீல எல்இடி வெளிச்சத்தில் எல்லாமே வேறு நிறமாகத் தெரியும். நான்கு விஷயங்களைக் கவனித்தால் போதும்: எப்படி நகர்கிறது, எங்கே இருக்கிறது, எந்த நேரத்தில் வெளியே வருகிறது, உயிருள்ள பவளத் திசுவின் மேல் இருக்கிறதா இல்லையா. கடைசிக் கேள்விதான் மிக முக்கியம். கண்ணாடியில் திரிவதைப் பற்றி ஒரு வாரம் யோசிக்கலாம். பவளத்தின் தோல் மேல் நிரந்தரமாக உட்கார்ந்திருப்பதைப் பற்றி அன்றைக்கே யோசிக்க வேண்டும்.

கருவி அதிகம் வேண்டாம். நகைக்கடைக்காரர் கண்ணில் வைக்கும் 10 மடங்கு லென்ஸ், போனில் மாட்டும் மேக்ரோ லென்ஸ், ஒரு பிளாஸ்டிக் பிப்பெட், வெள்ளை அடி கொண்ட சின்னக் கிண்ணம், சிவப்பு செலோஃபேன் தாள் சுற்றிய டார்ச். இறால், நண்டு வகை உயிர்களுக்குச் சிவப்பு வெளிச்சம் அவ்வளவாகத் தெரியாது, அதனால் ஓடி ஒளியாது. விளக்கு அணைந்து ஒரு மணி நேரம் கழித்துப் பாருங்கள். பிடித்துப் பார்க்க வேண்டுமானால் வேவ்மேக்கரையும் (டேங்க்குக்குள் நீரோட்டம் தரும் மோட்டார்) ரிட்டர்ன் மோட்டாரையும் (சம்ப் தண்ணீரை மேலே ஏற்றுவது) ஐந்து நிமிடம் நிறுத்திவிட்டு, பிப்பெட்டைக் கசக்கியபடியே உள்ளே இறக்கி, உயிரின் அருகே மெதுவாக விடுங்கள், தானாக உள்ளே இழுக்கப்படும். கிண்ணத்தில் டேங்க் தண்ணீரையே ஊற்றுங்கள். குழாய்த் தண்ணீரில் போட்டால் சில நொடிகளில் துடித்துச் செத்துவிடும், பிறகு நகரும் விதம் தெரியாது. மோட்டார்களை மறக்காமல் மறுபடி போடுங்கள்.

இனி கண்ணாடி. அங்கே ஊரும் வெள்ளைப் புள்ளி பத்துக்கு ஒன்பது முறை, இறால், நண்டு வகைப் பொடி உயிரான கோப்பிபாட்தான். அளவு அரை மி.மீ. முதல் ஒன்றரை மி.மீ. வரை. தலைப்பக்கம் அகன்று வால்பக்கம் கூர்ந்து, கண்ணீர்த்துளி போலத் தெரியும். கொஞ்சம் ஊரும், நிற்கும், ஒரு துள்ளு துள்ளும். வெட்டி வெட்டி நகரும் இந்த நடைதான் அதன் முத்திரை. லென்ஸில் பார்த்தால் தலையின் நடுவே ஒற்றைச் சிவப்புக் கண், பெண்ணாக இருந்தால் வாலருகே தொங்கும் முட்டைப் பை. டிஸ்பே, டிக்ரியோபஸ் போன்றவை இப்படிக் கண்ணாடியிலும் பாறையிலும் ஊர்கிற வகை. தண்ணீருக்குள்ளேயே மிதந்து திரிகிற வகையும் உண்டு. மான்டரின் மீன் வளர்க்க ஆசை இருந்தால் இந்தப் புள்ளிகளை வாழ்த்தி வரவேற்க வேண்டும். அந்த மீன் பகல் முழுக்கக் கொத்திக்கொண்டே இருக்கும், அதற்கு முக்கியத் தீனி இவைதான். ஆனால் 200 லிட்டரில் மூன்று மாதத்தில் மான்டரின் வாங்காதீர்கள். இப்போது நிறைய இருப்பதுபோலத் தெரியும் கோப்பிபாட்களைச் சில வாரங்களில் காலி செய்துவிட்டு அது பட்டினியால் மெலியும். ஓராண்டு கழித்து, சம்ப்பில் கடற்பாசி வளரும், மீன் நுழையாத தனி அறையான ரெஃப்யூஜியம் ஒன்று அமைத்த பிறகு யோசிக்கலாம்.

கால்களே தெரியாமல் வழுக்கிக்கொண்டு போனால் அது தட்டைப்புழு. கோப்பிபாட் துள்ளும், தட்டைப்புழு துள்ளாது. எண்ணெய்த் துளி சரிவில் இறங்குவதுபோல ஒரே சீராக நழுவும். நிறமில்லாமல், கண்ணாடி போன்று இருப்பவை பெரும்பாலும் கோப்பிபாட் தின்னும் வகை, பவளத்தைத் தொடாது. துரு நிறத்தில், பின்பக்கம் மூன்று முனையாகப் பிரிந்திருந்தால் கான்வொலுட்ரிலோபா ரெட்ரோஜெம்மா, டேங்க்காரர்கள் ரெட் பிளானேரியா என்று சொல்வது. இதன் உடலுக்குள் பவளத்தைப் போலவே ஒளிச்சேர்க்கை செய்யும் பாசி இருக்கிறது. அதனால் வெளிச்சம் நன்றாக விழுந்து நீரோட்டம் குறைவாக உள்ள இடத்தில் கூட்டம் போடும். பவளத்தைக் கடிக்காது, ஆனால் போர்வைபோல மூடி வெளிச்சத்தை மறைக்கும்.

இந்தப் புழுவில் மாட்டிக்கொள்பவர்கள் அதிகம் என்பதால் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன். கூட்டமாகச் செத்தால் உடலில் இருக்கும் நச்சு தண்ணீரில் கலக்கும். டேங்க் முழுக்கச் சிவந்திருக்கும்போது தட்டைப்புழு மருந்தை ஊற்றிவிட்டு, மறுநாள் மீன்கள் மல்லாந்து கிடப்பதைப் பார்ப்பவர்கள் உண்டு. கொன்றது மருந்தில்லை, செத்த புழு. சரியான வரிசை இப்படி. ஒரு வாரம் தினமும் மெல்லிய ஏர் டியூப் வைத்து உறிஞ்சி எடுங்கள், தண்ணீரைத் துணிப் பையில் வடிகட்டித் திரும்ப ஊற்றலாம். வேவ்மேக்கரைத் திருப்பிக் கூட்டம் இருக்கும் இடத்தில் நீரோட்டத்தைக் கூட்டுங்கள். கண்ணுக்குத் தெரிவது கிட்டத்தட்டப் போன பிறகுதான் மருந்து. அதற்கு முன் 60 லிட்டர் புதிய உப்புத் தண்ணீரை, டேங்க்கின் அதே உப்பளவிலும் வெப்பத்திலும் கலந்து தயாராக வையுங்கள். புதிய ஆக்டிவேட்டட் கார்பனையும் எடுத்து வையுங்கள். புழுக்கள் சுருண்டு விழத் தொடங்கியதும் உறிஞ்சி எடுத்து, மருந்துக் குறிப்பில் சொன்ன நேரம் முடிந்ததும் தண்ணீரை மாற்றிக் கார்பனை ஓடவிடுங்கள். சிக்ஸ் லைன் ராஸ் மீன் சில டேங்க்குகளில் இவற்றைக் கொத்தும், சிலவற்றில் திரும்பிக்கூடப் பார்க்காது. அதை மட்டும் நம்பி வாங்க வேண்டாம்.

கண்ணாடியில் இன்னொன்று குழப்பும். மூன்று மி.மீ.க்குள், நட்சத்திரமா சிலந்தியா என்று சொல்ல முடியாத ஒன்று, கைகளின் நுனியால் நடந்து போகும். அது ஸ்டாரோகிளாடியா, நீந்தாமல் நடக்கும் ஜெல்லிமீன். லென்ஸில் பார்த்தால் ஒவ்வொரு கையும் நுனியில் இரண்டாகப் பிரிந்திருக்கும். கீழ்க்கிளையில் ஒட்டிக்கொள்ளும் திண்டு, மேல்க்கிளையில் கொட்டும் செல்கள். கோப்பிபாட் தின்று, இரண்டாகப் பிளந்து பெருகும். சில வாரம் கண்ணாடி முழுக்க இருந்துவிட்டுத் தானே குறைந்துவிடும். வடிகட்டிப் பை போட்டு வைத்துவிட்டுக் கண்ணாடியைச் சுரண்டிவிட்டால் போதும். தண்ணீரில் எஸ் வடிவில் நெளிந்து துடிக்கும் மயிரிழை போன்ற வெள்ளை நூல் நெமடோட், அதாவது உருளைப்புழு. அதிகம் தென்பட்டால் தீனி அதிகம் போடுகிறீர்கள் என்று அர்த்தம்.

பாறையிலும் மணலிலும் இரவில் குறுக்கும் நெடுக்குமாக ஓடும் அரிசி அளவு உயிர்கள் ஆம்பிபாட் அல்லது ஐசோபாட். ஆம்பிபாட் பக்கவாட்டில் தட்டையானது, சின்ன இறால்போல வளைந்திருக்கும், சுரண்டித் தின்னும், நல்லது. ஐசோபாட் மேலிருந்து கீழ் தட்டையானது, மரவட்டைபோலத் தெரியும். தொட்டால் பந்தாகச் சுருண்டுகொள்வது சாதுவான ஸ்பீரோமாட்டிட் வகை. பெரிய கரிய கண்கள் தலையின் இருபுறமும் இருந்து, சுருளாமல், நேர்க்கோட்டில் வேகமாக நீந்திப் போனால் சிரோலானிட் வகையாக இருக்கலாம். அது இரவில் மீனின் செவுள் அருகே, கண்ணருகே ஒட்டி இரத்தம் உறிஞ்சும். காலையில் மீனின் மேல் வெள்ளரி விதை ஒட்டியதுபோல ஏதாவது தெரிந்தால் மீனைப் பிடித்து, ஈரக் கையுடன் வைத்துக்கொண்டு, சாமணத்தால் எடுங்கள். மீதியைப் பிடிக்க, சின்னப் பாட்டில் மூடியில் 3 மி.மீ. துளை போட்டு உள்ளே இறால் துண்டு வைத்து இரவில் மணல்மேல் சாய்த்து வையுங்கள். பல இரவு தொடர்ந்து செய்ய வேண்டும், இதில் குறுக்குவழி இல்லை.

வெள்ளைச் சுருளுக்கு வருவோம். மிளகின் பாதி அளவில், பாறையோடு படிந்து, கச்சிதமாக ஒரே தளத்தில் சுருண்டிருந்தால் ஸ்பைரார்பிட் புழு. லென்ஸில் பார்த்தால் வாயில் சிறு இறகு விசிறி விரியும். சம்ப்பின் இருட்டான சுவரில் நூற்றுக்கணக்கில் இருக்கும். தண்ணீரில் மிதக்கும் துகளை வடிகட்டித் தின்னும், யாருக்கும் தொல்லை இல்லை. நீங்கள் சொல்லும் சுருள் பெரும்பாலும் இதுதான்.

ஆனால் குழாய் தரையை விட்டு எழுந்து, கோணல்மாணலாக, நுனி ஊசிபோல நீட்டிக்கொண்டிருந்தால் அது வெர்மெடிட் நத்தை. புழு போலத் தெரிந்தாலும் நத்தையேதான், பாறையில் தன் ஓட்டினை ஒட்டிக்கொண்டு வாழ்நாள் முழுக்க அங்கேயே இருக்கும். தீனி பிடிக்கச் சிலந்தி வலைபோலச் சளி இழைகளைத் தண்ணீரில் விடும். சோதிக்க எளிய வழி இருக்கிறது. மோட்டார்களை நிறுத்திப் பொடித்தீனி ஒரு சிட்டிகை தூவுங்கள். ஐந்து பத்து நிமிடத்தில் குழாய் வாயிலிருந்து இழைகள் நீண்டு, துகளைச் சேர்த்துக்கொண்டு உள்ளே திரும்ப இழுக்கப்படுவது தெரியும். இந்தச் சளி பவளத்தின் மேல் படிந்தால் பாலிப்புகள் (பவளத்தின் பூப்போன்ற வாய்கள்) சுருங்கிக்கொள்ளும். பிரெஞ்சு பாலினீசியாவின் மூரேயா தீவில் பெரிய வெர்மெடிட் இனம் ஒன்றை வைத்துச் செய்து 2010-ல் வெளியான ஆய்வில், அவை அருகில் இருந்த பவளங்களின் வளர்ச்சி 81 சதவீதம் வரையும் பிழைக்கும் விகிதம் 52 சதவீதம் வரையும் குறைந்தது. டேங்க்கில் வருபவை அதைவிட மிகச் சிறியவை, ஆனால் எண்ணிக்கையில் ஈடுகட்டிவிடும். குஞ்சுகள் தாயின் அருகிலேயே ஊர்ந்து ஒட்டிக்கொள்வதால் ஒரு பாறை நிறைந்த பிறகுதான் கண்ணில் படும்.

பத்து இருபது இருக்கும்போதே வேலையை முடியுங்கள். கட்டிங் பிளேயரால் குழாயை அடியோடு நொறுக்கலாம். நுனியை மட்டும் உடைத்தால் உள்ளே பின்வாங்கி மறுபடி கட்டிக்கொள்ளும். நொறுக்க முடியாத இடத்தில் ஜெல் வகை சூப்பர் குளூவைக் குழாய் வாயில் ஒரு துளி வைத்து அடையுங்கள். குழாய் முனை கண்ணாடித் துண்டுபோலக் கீறும், கையுறை போட்டுக்கொள்ளுங்கள். பம்பிள்பீ நத்தை விட்டால் சரியாகிவிடும் என்று சிலர் சொல்வார்கள். சிலருக்குப் பலன் தருகிறது, ஆனால் நல்ல புழுக்களையும் அது தின்னும். உண்மையில் அதிகம் உதவுவது பொடித்தீனியைக் குறைப்பதுதான்.

நட்சத்திரங்களில் இரண்டு வகை. கைகள் குட்டையாக, தடித்து, ஒன்று நீளம் ஒன்று குட்டை என்று ஒழுங்கில்லாமல் இருந்தால் ஆஸ்டரினா. உடலையே பிளந்து பெருகுவதால்தான் அந்தக் கோணல், பிளந்த பாதியில் புதிய கைகள் முளைத்துக்கொண்டிருக்கும். பெரும்பாலும் கண்ணாடிப் படலத்தைத் தின்பவை. சில டேங்க்குகளில் ஸோவாந்தஸ் பவளத்தின் மேல் ஏறி உட்கார்ந்து, நகர்ந்தபின் அங்கே வெளுத்த தடம் விடுவதையும் பார்க்கலாம். தடம் இருந்தால் கையால் பொறுக்குங்கள். ஹார்லிகுயின் இறால் இவற்றை விரும்பித் தின்னும், ஆனால் அதற்கு நட்சத்திர மீன் தவிர வேறு உணவே கிடையாது. ஆஸ்டரினா தீர்ந்ததும் அது பட்டினியில் சாகும். பத்து நட்சத்திரத்துக்காக ஓர் இறாலைச் சாகடிப்பது நியாயமில்லை, இரவல் வாங்கித் திருப்பிக் கொடுக்க ஆள் இருந்தால் மட்டும் செய்யலாம். இரண்டாம் வகை, நடுவில் மூன்று மி.மீ. வட்டம், சுற்றிலும் பாம்புபோல நெளியும் மெல்லிய, வளையம் வளையமாக நிறம் மாறும் ஐந்து கைகள். இது குட்டி பிரிட்டில் ஸ்டார். இடுக்கில் உடலை ஒளித்துக் கைகளை மட்டும் நீட்டித் துகள் பொறுக்கும். விட்டுவிடுங்கள்.

முள்முள்ளான புழுவைப் பார்த்து எல்லோரும் பயப்படுகிறார்கள், பாவம் அது. இளஞ்சிவப்பு அல்லது சாம்பல் உடல், இருபுறமும் வெள்ளை முள்கற்றைகள் உள்ள பிரிஸில் வார்ம் செத்த மீனையும் மிஞ்சிய தீனியையும் தின்று தீர்க்கும் துப்புரவுத் தொழிலாளி. செத்த நத்தையின் மேல் பத்துப் புழு மொய்த்தால் அவைதான் கொன்றன என்று முடிவு கட்டாதீர்கள், பெரும்பாலும் செத்த பிறகு வந்தவை. கையால் மட்டும் தொடாதீர்கள். முள் குத்தினால் செலோ டேப்பை ஒட்டி இழுத்து எடுத்து, வினிகரால் துடையுங்கள். உண்மையில் பவளம் தின்பது ஹெர்மோடிசே என்னும் தாடி நெருப்புப் புழு. அட்லாண்டிக், மத்தியதரைக் கடல் பக்கத்து உயிர். தலையில் மடிப்பு மடிப்பாகச் சதைக் கொண்டை, உடலின் ஒவ்வொரு கண்டத்திலும் அடர்சிவப்புச் செவுள் குஞ்சம், பகலிலேயே பவளக் கிளை நுனியை விழுங்கிக்கொண்டிருக்கும். இந்தியப் பெருங்கடல் பாறையில் அது வரும் வாய்ப்பு மிகக் குறைவு.

புழுவில் நான் கவலைப்படும் இனம் யூனிசிட். தலையில் ஐந்து உணர்கொம்புகள், உடலில் வானவில் மினுக்கம், துளைக்குள் வாலை வைத்துக்கொண்டு முன்பாதியை மட்டும் நீட்டும். சில இனங்கள் 3 மீட்டர் வரை வளரும், சின்ன வயதிலேயே பாறையோடு வெளியே எடுத்துவிடுவது நல்லது. உடைந்த துண்டு பிழைத்துக்கொள்ளக்கூடும் என்பதால் இழுத்து அறுக்காதீர்கள். முழு ஆரஞ்சு நிறத்தில், முள் தெரியாமல், சளி சுரந்தபடி நத்தைகளையும் மட்டிகளையும் குறிவைப்பது ஓனோனே. நத்தைகள் ஒவ்வொன்றாகக் குறைந்தால் அதைத் தேடுங்கள்.

நத்தை குறைவதற்கு இன்னொரு காரணம் பிரமிடெல்லிட், 1 முதல் 3 மி.மீ. உள்ள, நீண்ட வெள்ளை அரிசி போன்ற ஒட்டுண்ணி நத்தை. பெரிய நத்தையின் ஓட்டு விளிம்பில் இரவில் வரிசையாக உட்கார்ந்து உறிஞ்சும். பழைய பல்துலக்கியால் தேய்த்து எடுத்தால் போதும், தினமும் பாருங்கள். உருண்டையாக இருக்கும் பொடி நத்தை கொலோனிஸ்டா, பாசி தின்பது, அதைத் தேய்த்துவிடாதீர்கள்.

பாறையின் நிழலில் வெள்ளையாக, உச்சியில் மயிர்க்குஞ்சத்தோடு சின்ன அன்னாசிபோல நிற்பவை சைகான் கடற்பஞ்சு. இரத்தத் துளி தெறித்துக் காய்ந்ததுபோலக் கல்லாக ஒட்டியிருப்பது ஹோமோட்ரீமா, ஒரே செல் கொண்ட உயிர். பெர்முடாத் தீவின் கடற்கரை மணல் இளஞ்சிவப்பாக இருப்பதே அதன் ஓட்டுத் துகள்களால்தான். இரண்டும் சாது.

இனி உண்மையிலேயே பயப்பட வேண்டியவை. இவை எல்லாமே பவளத்தின் மேல் வாழ்பவை, புதிதாக வாங்கிய ஃப்ராக்கோடு (வளர்ப்பதற்கு வெட்டி விற்கும் பவளத் துண்டு) வருபவை.

அக்ரோபோரா பவளம் மெல்ல நிறம் மங்கி, பாலிப் வெளியே வராமல் இருந்தால் லென்ஸை எடுங்கள். அரை மி.மீ. மஞ்சள் புள்ளி, நடுவே சிவப்புப் பொட்டு, தோல்மேல் ஊர்ந்தால் டெகாஸ்டெஸ் என்னும் ரெட் பக். அதுவும் கோப்பிபாட் இனமே, ஆனால் ஒட்டுண்ணி. நாய்களுக்குக் கொடுக்கும் மில்பெமைசின் இதைக் கொல்லும், கூடவே டேங்க்கில் உள்ள இறால், நண்டு, ஆம்பிபாட், நல்ல கோப்பிபாட் எல்லாவற்றையும் கொல்லும். பவளத்தைக் கழற்றித் தனி வாளியில் சிகிச்சை செய்வதே புத்திசாலித்தனம்.

அதைவிடக் கொடியது அக்ரோபோரா தின்னும் தட்டைப்புழு. 2011-ல்தான் முறையாக விவரிக்கப்பட்டது. பவளத்தின் நிறத்திலேயே ஒளிந்திருக்கும், நேரே பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. காட்டிக்கொடுப்பது கடித்த தடம்: வெளிச்சம் குறைந்த அடிப்பகுதியில் 1 மி.மீ. அளவு வட்டவட்டமான வெளிர் புள்ளிகள். பவளத்தை ஒரு வெள்ளைக் கிண்ணத்தில் பிடித்துக்கொண்டு பெரிய பிப்பெட்டால் பலமாகத் தண்ணீர் பீய்ச்சினால் புழு கழன்று விழுந்து நெளியும். திசு செத்துப்போன கிளையடியில் தேன் நிறத்தில் முட்டைக்கூட்டம் இருக்கும். பவளத்தை முக்கி எடுக்கும் டிப் மருந்து புழுவைக் கொல்லும், முட்டையைக் கொல்லாது. முட்டை உள்ள அடிப்பகுதியைச் சுரண்டியோ உடைத்தோ எறிய வேண்டும், பிறகு வாரம் ஒருமுறை ஆறு வாரமாவது டிப் செய்ய வேண்டும். ஒருமுறை டிப் செய்துவிட்டு நிம்மதியாக இருப்பதுதான் இங்கே நடக்கும் பெரிய தவறு.

மோன்டிபோரா பவளத்தின் ஓரத்தில் திசு அரிக்கப்பட்டு வெள்ளை எலும்பு தெரிந்தால், தட்டுப்போல வளர்ந்த அந்தப் பவளத்தைத் திருப்பி அடியைப் பாருங்கள். சில மி.மீ. நீளத்தில், முதுகில் விரல்விரலாக நீட்டல்கள் கொண்ட வெள்ளைக் கடல் நத்தை தெரிந்தால் அது மோன்டிபோரா தின்னும் நூடிபிராங்க். உலகம் முழுக்க டேங்க்காரர்கள் பல ஆண்டு அல்லாடிய பிறகு 2020-ல்தான் ஃபெஸ்டில்லா சபோடியோசா என்று பெயர் பெற்றது. இதற்கும் முட்டை விதி அதேதான்.

ஐப்டேசியாவையும் இந்தப் பட்டியலில் சேர்க்கிறேன். பழுப்புக் கண்ணாடிபோன்ற தண்டு, நீண்ட கூர்மையான மெல்லிய கைகள், நிழல் பட்டாலே துளைக்குள் இழுத்துக்கொள்ளும் கடல் சாமந்தி. வெட்டாதீர்கள், பிய்க்காதீர்கள். அடியில் மிஞ்சும் கடுகளவு திசுவிலிருந்து புதிதாக முளைக்கும். கால்சியம் ஹைட்ராக்சைடை ஆர்ஓ தண்ணீரில் தயிர் பதத்துக்குக் கரைத்து, மோட்டாரை நிறுத்தி, ஊசியால் வாய்மேல் மெதுவாக மூடுங்கள். ஒரு நாளைக்கு நான்கைந்துக்கு மேல் வேண்டாம், பிஎச் எகிறும். பெப்பர்மின்ட் இறால் உதவும். ஆனால் அதே பெயரில் விற்கப்படும் முதுகு கூனிய கேமல் இறால் பவளத்தைத் தின்னும், முதுகைப் பார்த்து வாங்குங்கள். பாறை நிறைய இருந்தால் பெர்கியா கடல் நத்தைதான் முழுமையான தீர்வு. ஐப்டேசியாவைத் தவிர எதையும் தின்னாது, ராஸ் மீன் இருந்தால் அதற்கு இரையாகிவிடும்.

கண்ணுக்குப் புள்ளியாகக்கூடத் தெரியாதவை பற்றியும் சொல்ல வேண்டும். மூன்றாவது நான்காவது மாதத்தில் மணல்மேல் பழுப்புச் சளி, அதில் இழைஇழையாகக் காற்றுக்குமிழ், காலையில் குறைந்து மாலையில் கூடுவது வந்தால் பெரும்பாலும் டைனோஃபிளாஜெல்லேட், சுருக்கமாக டைனோ, என்னும் ஒரு செல் உயிர். டயாட்டம் என்று நினைத்துத் தண்ணீர் மாற்றிக்கொண்டே இருப்பார்கள், அதனால் இன்னும் மோசமாகும். முதல் சோதனை: கொஞ்சம் சளியை டேங்க் தண்ணீரோடு பாட்டிலில் போட்டு நன்றாகக் குலுக்கி, டிஷ்யூ தாளில் வடிகட்டி, வடிந்த தெளிவான தண்ணீரை வெளிச்சத்தில் ஒரு மணி நேரம் வையுங்கள். மறுபடி இழையாகச் சேர்ந்தால் டைனோ.

எந்த டைனோ என்பதற்குப் பள்ளி ஆய்வகத்தில் உள்ளதுபோன்ற 400 மடங்கு மைக்ராஸ்கோப் வேண்டும். ஒரு துளி, அதன்மேல் கவர் ஸ்லிப், முதலில் 40 மடங்கில் தேடி, பிறகு 400-க்குப் போங்கள். விளக்குச் சூட்டில் துளி வற்றி உப்பு ஏறினால் நடை மாறிவிடும், சில நிமிடங்களுக்குள் பார்த்து வீடியோ எடுத்துவிடுங்கள். ஒரு முனை கூர்ந்து, ஆணியில் கட்டிய பம்பரம்போல ஒரே இடத்தைச் சுற்றினால் ஆஸ்ட்ரியாப்சிஸ். நீள்வட்டமாக, முனையில் சின்ன மூக்கோடு தரையில் வழுக்கிப் போனால் ஆம்பிடினியம். படகுபோல விறைப்பாக நகர்ந்தால் டயாட்டம், தானே போய்விடும். பச்சை அல்லது சிவப்பு நூலாகக் கண்ணிகள் கோத்திருந்தால் சயனோபாக்டீரியா.

இந்த வித்தியாசத்துக்காக மெனக்கெடுவது ஏன் என்றால், வைத்தியம் நேர் எதிர். ஆஸ்ட்ரியாப்சிஸ் இரவில் தண்ணீருக்குள் மிதக்க வரும், அதனால் யுவி (புறஊதா) விளக்கு கொல்லும். 10 முதல் 12 லிட்டருக்கு 1 வாட் கணக்கில், உங்கள் டேங்க்குக்கு ஏறக்குறைய 18 வாட், சம்ப்பில் இல்லாமல் நேரே டேங்க்கிலிருந்து எடுத்து டேங்க்குக்கே விடும்படி மெதுவான ஓட்டத்தில் வையுங்கள். இதன் நச்சு நத்தைகளைக் கொல்லும், கைவைக்கும்போது கையுறை கட்டாயம். ஆம்பிடினியம் மணலை விட்டு எழாது, யுவி வைத்துப் பயனில்லை. அதற்குச் சிலிகேட்டை 1 முதல் 2 பிபிஎம் அளவுக்குச் சேர்த்து டயாட்டத்தை வளர்த்து இடத்தைப் பறிக்க வேண்டும். பாஸ்பேட் உறிஞ்சும் இரும்பு மீடியா சிலிகேட்டையும் உறிஞ்சுவதால் அதை எடுத்துவிடுங்கள். இரண்டுக்கும் பொதுவான மூலகாரணம் நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் பூஜ்யமாக இருப்பது. நைட்ரேட் 5 முதல் 10 பிபிஎம், பாஸ்பேட் 0.1 பிபிஎம் அருகே கொண்டுவாருங்கள், தண்ணீர் மாற்றுவதை நிறுத்தி வையுங்கள்.

புதிய ஃப்ராக் எதுவானாலும் அது ஒட்டியிருக்கும் பிளக் என்னும் சின்ன அடித்தட்டைக் கழற்றி எறிந்துவிட்டுப் புதிய பிளக்கில் ஒட்டுங்கள். ஐப்டேசியா, வெர்மெடிட், முட்டைகள் எல்லாம் பெரும்பாலும் பிளக்கின் அடியில்தான் வரும். பிறகு நான்கு முதல் ஆறு வாரம் தனி டேங்க்கில் வைத்துப் பாருங்கள். அதற்கு 20 லிட்டர் தொட்டி, ஒரு ஹீட்டர், சின்ன வேவ்மேக்கர், மலிவான விளக்கு போதும். மன்னார் வளைகுடாவிலிருந்து உயிருள்ள பாறை மலிவாகக் கிடைக்கிறது என்று யாராவது சொன்னால் வாங்காதீர்கள். பாறை கட்டும் பவளங்கள் எல்லாமே 2001 முதல் வனவுயிர் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருப்பவை, பவளம் ஒட்டிய பாறையை வைத்திருப்பதே குற்றம். அதேபோல டேங்க்கிலிருந்து எடுத்த எந்த உயிரையும் தண்ணீரையும் கடலில் கொட்டாதீர்கள். உயிரை உறையவைத்துக் குப்பையில் போடுங்கள், தண்ணீரைக் கழிவறையில் ஊற்றுங்கள்.

இவ்வளவுக்கும் பிடிபடாத ஒன்று இருந்தால் படம் எடுத்துக் கேளுங்கள். நீல விளக்கை அணைத்து வெள்ளை விளக்கை மட்டும் எரியவிடுங்கள். மோட்டாரை நிறுத்துங்கள். போனைக் கண்ணாடிக்கு நேர் எதிராக, சாய்க்காமல் பிடியுங்கள். அருகில் கண்ணாடியின் வெளிப்பக்கம் ஒரு ஸ்கேலை ஒட்டிவிட்டால் அளவு தெரியும். படத்தைவிட பத்து நொடி வீடியோ மேல். கூடவே எங்கே இருந்தது, பகலா இரவா, கடந்த இரண்டு மாதத்தில் என்ன புதிதாகப் போட்டீர்கள், நைட்ரேட், பாஸ்பேட், உப்பளவு எவ்வளவு என்பதையும் எழுதுங்கள்.